டர்போ கடைசியில் வரட்டும்

சென்ற ஆண்டு என் தங்கை மகன் ஒரு யோசனை கேட்டான். "மாமா, என் பழைய காருக்கு டர்போ வைக்கலாம்னு இருக்கேன். 1300 சிசி பெட்ரோல் என்ஜின். நீங்க என்ன சொல்றீங்க?" அவன் பி.இ. படித்தவன், நான் டிப்ளமாக்காரன். ரயில்வே டீசல் ஷெட்டில் முப்பது வருடங்களுக்கு மேல் டர்போவோடு குடித்தனம் நடத்தியவன்தான். இருந்தும், பெரிய படிப்புப் படித்த பிள்ளைக்கு நாம் என்ன சொல்வது என்று தயங்கி, "பார்த்துச் செய்யப்பா" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

நான்காவது மாதம், நெடுஞ்சாலையில், பின்னால் லாரிகள் வந்துகொண்டிருக்கும்போது என்ஜின் நீலப் புகை கக்கி நின்றுவிட்டது. வண்டியில் அவன் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். தெய்வாதீனமாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை இன்று எழுதுகிறேன்.

டர்போ மாயவித்தை அல்ல. வீணாகப் போகும் புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டிலுள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிறோம். காற்று கூடினால் எரிபொருளும் கூடும், சக்தியும் கூடும். ஸ்விட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃபிரட் ப்யூக்கி 1905-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். 1920-களில் இரண்டு ஜெர்மன் பயணிக் கப்பல்களின் என்ஜின்கள் அவர் முறையால் 1750 குதிரைத்திறனிலிருந்து 2500-க்கு உயர்ந்தன. ஆகவே, முடியாத காரியம் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் கணக்குப் பார்க்க வேண்டும். வெளியே 40 டிகிரி வெயில். காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றினால் அதன் சூடு ஏறத்தாழ 95 டிகிரி ஆகிவிடும். சூடான காற்று விரிவதால், நமக்குக் கிடைக்கும் காற்று ஒன்றரை மடங்கு அல்ல, சுமார் 1.3 மடங்குதான். அந்தச் சூட்டோடு பெட்ரோல் கலந்தால், ஸ்பார்க் பிளக் பொறி கிளப்பிய பின், அந்தத் தீ பரவி வந்து சேரும் முன்பே மீதி எரிபொருள் தானாகப் பற்றி வெடிக்கப் பார்க்கும். இதைத்தான் மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்கிறார்கள். பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பது போன்ற அடி அது.

எங்கள் பையனின் என்ஜினைப் பிரித்தபோது நானும் கூட இருந்தேன். மூன்றாவது பிஸ்டனில் இரண்டு ரிங்குகளுக்கு இடைப்பட்ட விளிம்பு உடைந்திருந்தது. சிலிண்டர் சுவரில் நகம் பட்டால் தட்டுப்படும் கீறல். பழைய பிஸ்டன், பழைய ரிங், இன்டர்கூலர் கிடையாது. 74 மி.மீ. சிலிண்டரில் மேல் ரிங்கின் வாய் இடைவெளி சாதாரணமாக 0.3 மி.மீ. இருந்தால் போதும், டர்போவின் சூட்டுக்கு 0.4 மி.மீ.-யாவது வேண்டும். இல்லாவிட்டால் ரிங் விரிந்து முனையோடு முனை முட்டிக்கொள்ளும். டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் குழாயையும் சம்ப்பில் ஆயில் மட்டத்துக்குக் கீழே இணைத்திருந்தார்கள். ஆயில் எப்படி வடியும்?

நம் ரயில்வேயைப் பாருங்கள். டபிள்யூ.டி.எம்.-2 இன்ஜின் 2600 குதிரைத்திறன். அதே 16 சிலிண்டர் வகை, டபிள்யூ.டி.எம்.-3ஏ-வில் 3100 ஆயிற்று. அது பிறவியிலேயே டர்போ உள்ளது. அதற்கே 500 குதிரைத்திறன் கூட்ட, டர்போவை மட்டும் மாற்றி நிறுத்திக்கொள்ளவில்லை. எஃகுத் தலை பிஸ்டன், விறைப்பான கேம்ஷாஃப்ட், பெரிய ஆஃப்டர்கூலர், புதிய எரிபொருள் பம்ப் எல்லாம் சேர்ந்து வந்தன.

"இப்போது ஒரு லிட்டர் கார்கூட டர்போவோடு வருகிறதே" என்பார்கள். உண்மை. அவற்றுக்கு வரைபடத்திலேயே பிளாக், பிஸ்டன், குளிர்விப்பு எல்லாம் டர்போவை எண்ணிப் போடப்பட்டவை. டர்போ இல்லாத பிளாக்குக்கு அந்தக் குறையை நாம்தான் தீர்க்க வேண்டும். முதலில் பிளாக்கை அளந்து, விரிசல் சோதனை செய்யுங்கள். அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டு கம்ப்ரெஷன் விகிதத்தைக் குறையுங்கள். ஹெட் போல்ட், ஆயில் வழி, இன்டர்கூலர், இக்னிஷன் டைமிங் எல்லாம் சரியான பின், கடைசியில் டர்போவை வாங்குங்கள். டர்போவின் விலையைவிட இதற்குத்தான் அதிகம் ஆகும். இரண்டுக்கும் பணம் இல்லையென்றால் இரண்டும் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவையும், இன்ஷூரன்ஸ் பத்திரத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

விரலுக்குத் தக்க வீக்கம் என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. என்னைப் போன்ற பழைய ஆட்களுக்கும் ஒரு வார்த்தை: பிள்ளைகள் யோசனை கேட்டால் படிப்பை எண்ணித் தயங்காதீர்கள். தெரிந்ததை முழுதாகச் சொல்லிவிடுங்கள். கேட்பதும் கேட்காததும் அவர்கள் விருப்பம்.