யாரால் அறியப்படாதவர்?

விஜய் தொலைக்காட்சியின் ‘சூப்பர் சிங்கர்’ ஆறாவது சீசனில், 2018ஆம் ஆண்டு, நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ் வென்றார். அறியப்படாத கலைஞர் ஒரே இரவில் புகழடைந்தார் என்ற தொனியில் அன்று பாராட்டுகள் குவிந்தன. செயப்பாட்டு வினையில் வினைமுதல் வசதியாக மறைந்துகொள்ளும் என்பதை வகுப்பில் சொல்லித்தருகிறோம். ‘அறியப்படாத’ என்றால் யாரால்? புதுக்கோட்டைச் சீமையில் அவரும் ராஜலட்சுமியும் பல்லாண்டுகள் மேடையேறியவர்கள். திருவிழாக்களில் கண்விழித்துக் கேட்ட கூட்டம் கணக்கில் வராதா?

இது நம் ஊர் வியாதி மட்டுமன்று. 2009 ஏப்ரலில் பிரிட்டிஷ் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் பாடி உலகை அதிரவைத்த ஸ்காட்லாந்துப் பெண்மணி சூசன் பாயில், 1999இலேயே ஓர் அறக்கொடை இசைத்தட்டில் பாடியிருந்தார். நடுவர்களின் வியப்பு அவருடைய குரலைப் பற்றியதா, தோற்றத்தைப் பற்றியதா என்பதை அந்த ஒளிப்பதிவே சொல்லும்.

வடசென்னைக்கு வருவோம். ராயபுரத்திலோ காசிமேட்டிலோ ஒரு சாவு விழுந்தால், இரவு பாட யாரை அழைக்கவேண்டும் என்பது அந்தத் தெருவுக்குத் தெரியும். இறந்தவரின் பெயர், அவர் துறைமுகத்தில் சுமந்த மூட்டை, கட்டிக்கொடுக்காமல் விட்டுப்போன மகள் என யாவும் அங்கேயே பாட்டில் ஏறும். மறுநாள் அந்தப் பாட்டு அப்படியே திரும்ப வராது. வேறு வீடு, வேறு பிணம். இத்தகைய பாடகரைப் போட்டி மேடையில் நிறுத்தினால் என்ன கேட்பார்கள்? எவரோ பாடிய திரைப்பாடலைச் சுருதி பிசகாமல் திருப்பிப் பாடச் சொல்வார்கள். அதற்குமுன் அவருடைய ஓட்டுவீட்டைப் படமெடுத்து, சோக இசை சேர்த்து ஒளிபரப்புவார்கள். அவருடைய வறுமைக்கு அங்கே இடமுண்டு. அவருடைய பாட்டுக்கு இல்லை!

திரைப்படம் மட்டும் யோக்கியமா என்று கேட்கலாம். ‘சித்திரம் பேசுதடி’ (2006) கானா உலகநாதனையும், ‘அட்டகத்தி’ (2012) கானா பாலாவையும் ஊரறியச் செய்தன. பாலா 2007இல் ‘பிறகு’ படத்திலேயே பாடிவிட்டார் என்பது பலருக்கு நினைவில்லை. ஆயினும் திரையில் அவர்கள் கானாவையே பாடினார்கள். அந்த அளவுக்குச் சினிமா மேல்.

தொலைக்காட்சியால் கிடைக்கும் பணத்தையும் பரிசையும் நாம் பழிக்கவில்லை. பாடகன் பட்டினி கிடந்தால்தான் கலை தூய்மை என்று பேசுவோர் தம் சம்பளத்தை விட்டுவிட்டுப் பேசட்டும். நம் வழக்கு வேறு: ஒரு கலையை அளக்கும் கோல் அதற்குள்ளிருந்து வரவேண்டும். அது நடக்கக்கூடியதே. செந்தில் கணேஷ் வென்ற அதே 2018இல், சனவரி 6 அன்று, கீழ்ப்பாக்கத்தில் பா. ரஞ்சித்தும் டென்மாவும் முன்னின்று உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவினர் மேடையேறினார்கள். கானாக்காரர்கள் தம் சொற்களையே பாடினார்கள். மதிப்பெண் பலகை இல்லை, வெளியேற்றச் சுற்றும் இல்லை. திடல் நிரம்பித்தான் இருந்தது.