நீரிழிவும் வளைகாப்பும்

குடவாசலைச் சூழ்ந்த சிற்றூர்களில் ஒருத்தி கருவுற்றனள் என்று அறிந்ததும், "இரண்டு உயிருக்கும் சேர்த்து உண்" என்று சோற்றை மேன்மேலும் இடுவர். வளைகாப்பு நாளிலோ சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, தேங்காய்ச் சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச் சோறு என அவளது இலை நிறையும். நெல் விளையும் நாட்டில் அன்பு சோறாகவே வெளிப்படும். அதனை இகழ நாம் துணியோம். ஆயினும், கருக்காலத்து நீரிழிவு கண்டவளுக்கு அவ்வன்பே இடராகின்றது.

நஞ்சுக்கொடியிற் சுரக்கும் நீர்கள் இன்சுலினின் ஆற்றலைத் தடுப்பதனால், முன்னர் நோயில்லாதவளுக்கும் இது தோன்றலாம். தாயின் குருதியில் மிகும் சர்க்கரை சேயை அளவு மீறிப் பருக்கச் செய்யும். டாக்டர் வீ. சேஷையா முதலியோரின் முயற்சியால், கருவுற்றார் அனைவரையும் சோதிக்குமாறு தமிழ்நாட்டரசு 2007 இல் ஆணையிட்டது. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துப் பருகச் செய்து, 2 மணி நேரங் கழித்துக் குருதியைச் சோதிப்பர். சர்க்கரை 140 மில்லிகிராமை எட்டின் நோயுண்டென்பர். இதற்கு வெறும் வயிறு வேண்டுவதில்லை. தொலைவிலிருந்து பேருந்தேறி வருவார்க்கு இது பெரிய நன்மை.

சோதனை மருத்துவமனையில் முடியும். நோயை ஆள்வதோ அடுக்களையில். சோற்றைக் குறைத்துக் காய், பருப்பு, மீன் ஆகியவற்றைக் கூட்டி உண்ணுமாறு மருத்துவர் கூறுவர். நம் வீடுகள் பலவற்றில் ஆடவர் உண்ட பின்னரே மருமகள் உண்பாள். அவள் அமரும் வேளையிற் காயும் மீனும் தீர்ந்து, சோறும் இரசமுமே எஞ்சியிருக்கும். அவள் பத்தியங் காப்பது எங்ஙனம்? ஆகவே, மருத்துவர் சொல்லைக் கேட்க வேண்டியவர் முதற்கண் கணவனும் மாமியாருமே என்பது நம் கருத்து. அவள் முதலில் உண்ணட்டும். அவளுக்கு ஆகும் உணவையே வீட்டார் அனைவரும் உண்ணட்டும். உணவின் பின் வாய்க்காற்கரையில் கணவனும் உடன் நடக்கட்டும்.

ஊசி சேய்க்கு ஆகாதென அஞ்சுவாரும், மருமகளை "நோய்க்காரி" எனப் பழிப்பாரும் உளர். பழிக்கஞ்சி நோயை மறைப்பாள் மருந்தையும் மறைப்பாள். 1921 இல் டொராண்டோ நகரிற் பாண்டிங்கும் பெஸ்ட்டும் கண்ட இன்சுலின், நஞ்சுக்கொடியைக் கடந்து சேயை அடைவதில்லை. இதனை அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பிலும், நம் திருச்சபை மாதர் சங்கத்திலும் எடுத்துரைக்கலாகாதா?

பேற்றின் பின் 6 வாரங் கழித்து மீண்டும் ஒரு சோதனை உண்டு. பிற்காலத்தில் நிலையான நீரிழிவு பலரைப் பற்றுவதால் இதனை விடலாகாது. அவ்வேளையில் அவள் தாய்வீட்டில் இருப்பாள். எல்லார் கண்ணும் குழந்தைமேல் இருக்கும். அவளை அழைத்துச் செல்பவர் யாவர் என்பதை வளைகாப்பு நாளிலேயே இரு வீட்டாரும் பேசி வைத்தல் நன்று.