முன்னும் பின்னும் பார்த்தால் போதாது. பக்கத்து ஊரையும் பார்க்க வேண்டும்

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது பழமொழி. ஆனால், உழுதவன் கணக்குப் பார்க்காமல் விட்டால் அவன் பெயரில் மற்றவர் எழுதும் கணக்கே மெய்யாகிவிடும்.

இருக்கன்குடி மாரியம்மன் கோயிலருகே அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகின்றன. அங்கே நீர்த்தேக்கமும் உண்டு. "அணை வந்தது, விளைச்சல் கூடியது" என்பார் ஒருவர். "அணை வந்து எங்களுக்கு என்ன கிடைத்தது?" என்பார் அடுத்தவர். அணைக்கு மட்டுமல்ல, மானியத்துக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் இதே வழக்குதான். இதைத் தீர்க்க ஒரு கணக்கு முறை இருக்கிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். திட்டம் வந்த ஊரில் மக்காச்சோளம் ஏக்கருக்கு 12 குவிண்டாலிலிருந்து 18 ஆக உயர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். திட்டத்தால் 6 குவிண்டால் கூடியது என்று அறிக்கை எழுதிவிடலாம். ஆனால் திட்டம் வராத பக்கத்துக் கரிசல் ஊரிலும் அதே ஆண்டில் 12 என்பது 16 ஆகியிருந்தால்? 4 குவிண்டால் நல்ல மழை கொடுத்தது. திட்டம் கொடுத்தது 2 மட்டுமே. வித்தியாசத்திலிருந்து வித்தியாசத்தைக் கழிப்பது என்பது இதுதான்.

ஊர்களும் ஆண்டுகளும் பெருகினால் இதைக் கையால் போட முடியாது. அதற்குக் கணினி மென்பொருள்கள் வந்துள்ளன. ஸ்டேட்டா என்பது விலைக்கு வாங்குவது. 1990களில் நியூசிலாந்தில் உருவான ஆர் என்பது இலவசம். ஒரே குடும்பத்தை, ஒரே நிலத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து எழுதிய பதிவுகளைக் கொடுத்தால், மண்ணின் மாறாத குணத்தையும், எல்லோருக்கும் பொதுவான மழை, விலை ஆகியவற்றையும் கழித்துவிட்டுத் திட்டத்தின் பங்கைத் தனியே காட்டும்.

எஸ்தர் டுஃப்லோ, ரோகிணி பாண்டே என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இந்திய அணைகளை மாவட்ட வாரியாக ஆராய்ந்து 2007ல் முடிவை வெளியிட்டனர். அணைக்குக் கீழே உள்ள மாவட்டங்களில் விளைச்சல் கூடியது, வறுமை குறைந்தது. அணை கட்டப்பட்ட மாவட்டத்திலோ விளைச்சலில் சொல்லும்படி ஏற்றமில்லை, வறுமை கூடியது. இது நாடு முழுவதற்குமான சராசரி. இருக்கன்குடிக்கு மட்டும் போட்ட தீர்ப்பு அல்ல. ஆனால் லாபம் யாருக்கு, நட்டம் யாருக்கு என்று பிரித்துக் கேட்க வேண்டும் என்பதை அது காட்டிவிட்டது.

மென்பொருள் மந்திரக்கோலும் அல்ல. ஒப்பிடும் இரண்டு ஊர்களும் திட்டத்துக்கு முன்பு ஒரே போக்கில் சென்றிருக்க வேண்டும். கரிசலைச் செவலோடு ஒப்பிட்டால் கணக்குத் தவறும். 2018ல் படைப்புழு மக்காச்சோளத்தைத் தின்றது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் சிவகாசிப் பட்டாசு ஆலைகள் சில மாதங்கள் மூடிக் கிடந்தன. ஆலைக்கு ஆள் போகும் ஊரையும் போகாத ஊரையும் அந்த ஆண்டில் ஒப்பிட்டால், கூலி ஆள் நிலவரத்தால் வந்த மாற்றம் திட்டத்தின் பெயரில் ஏறிவிடும். இதை விவசாயி அறிவான், கணினி அறியாது.

தொடர் பதிவு இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916ல் ஆய்வுக்கு எடுத்த கிராமங்களில் சிவகாசி வட்டார வடமலைபுரமும் ஒன்று. 1930களிலும் 1980களிலும் அந்த ஊரை அறிஞர்கள் மறுபடி ஆராய்ந்தார்கள். இதைவிடப் பெரிய பதிவு ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கிறது. அதுதான் அடங்கல். எந்தச் சர்வே எண்ணில் எந்தப் பயிர் என்று பசலிக்குப் பசலி எழுதப்படும் அடங்கலைவிட நல்ல தொடர் பதிவு எது?

ஆனால் வயலுக்குப் போகாமல் சென்ற ஆண்டுப் பயிரையே இந்த ஆண்டும் எழுதினால், எந்த மென்பொருளும் பொய்யைத்தான் கூட்டிக் கழிக்கும். வறட்சி நிவாரணமும் காப்பீடும் அந்தப் பொய்யின் மேல்தான் நிற்கும். பாதிக்கப்படுபவன் 2 ஏக்கர் மானாவாரிக்காரன்.

ஆகவே அரசு, திட்டத்தின் வெற்றியைச் சொல்லும்போது திட்டம் வராத ஊரின் கணக்கையும் சேர்த்து வெளியிட வேண்டும். அடங்கல் வயலில் நின்று எழுதப்பட வேண்டும். விவசாயிகளும் கணக்கெடுக்க வருபவரிடம் வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பக் கூடாது. விதைத்த நாள், உரச் செலவு, கண்ட மகசூல் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வைப்பதும், அடங்கலில் தம் பயிர் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதும் களை எடுப்பதைப் போல அவசியமான வேலை. உழுதவன் கணக்கு உழக்கு மிச்சம் காட்டாவிட்டாலும், உண்மையைக் காட்டும்.