ஒரே கட்டுரை, இரண்டு தீர்ப்பு: மார்க் போடுபவர்களை எவ்வளவு நம்பலாம்?

ஏஐ துறையில் வேலை தேடுபவரின் ரெஸ்யூமேயில் ‘நியூரிப்ஸ்’ என்ற பெயர் இருந்தால் தனி மவுசு. உலகின் முன்னணி ஏஐ மாநாடுகளில் ஒன்று அது. ஆனால் அங்கே கட்டுரை தேர்வாவது தரத்தாலா, இல்லை யார் கையில் சிக்குகிறது என்பதாலா?

2014-ல் மாநாட்டை நடத்தியவர்களே இதைச் சோதித்தார்கள். 166 கட்டுரைகளை இரண்டு குழுக்கள் தனித்தனியே மதிப்பிட்டன. 43 கட்டுரைகளில் ஒரு குழு ‘ஓகே’ சொல்ல, இன்னொன்று ‘நோ’ சொன்னது. நாலில் ஒன்று! நெருங்கிப் பார்த்தால் இன்னும் ஷாக். ஒரு குழு தேர்வு செய்தவற்றில் பாதிக்கும் மேல், மற்ற குழுவிடம் தேறவில்லை.

சரி, இரண்டு குழு வைக்காமலே இதை அளக்க முடியுமா? முடியும். மார்க்குகளின் ஏற்ற இறக்கத்தில் எவ்வளவு பங்கு கட்டுரையின் தரத்தால் வந்தது என்று பார்க்க வேண்டும். இந்த விகிதத்துக்குப் பெயர் ‘ஐசிசி’. 1-ஐ நெருங்கினால் நம்பலாம்.

சிக்கல் டேட்டாவில்தான். எல்லாரும் எல்லாவற்றையும் படிப்பதில்லை. ஒரு கட்டுரைக்கு 3 பேர், இன்னொன்றுக்கு 4 பேர், ஆட்களும் வேறு. எக்செல்லில் போட்டால் பெரும்பாலான கட்டங்கள் காலி. எஸ்பிஎஸ்எஸ்-ன் ‘ரிலையபிலிட்டி’ மெனு, ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அந்த வரிசையையே தூக்கிவிடும். ஆர் மென்பொருளின் ‘ஐஆர்ஆர்’ பேக்கேஜிலும் இதே கதை. கடைசியில் மிச்சம் எதுவும் இருக்காது.

இதற்கு ஆரில் ‘எல்எம்இ4’ கைகொடுக்கும். கட்டுரை, ஆள், மார்க் என்று ஒவ்வொரு மார்க்கும் தனி வரி. காலிக் கட்டம் என்ற பேச்சே இல்லை. உள்ளே ஓடும் ‘ரெம்ல்’ கணக்கு, சமமில்லாத தொகுதிகள் கொண்ட சோதனைகளுக்காக 1971-ல் பேட்டர்சனும் தாம்சனும் எழுதியது. பழைய சரக்குதான், ஆனா சூப்பரா வேலை செய்யும்.

ஒரே கண்டிஷன்: மதிப்பிடுபவர்கள் பல கட்டுரைகளைப் படித்திருக்க வேண்டும். ஒருவர் ஒரே கட்டுரைக்கு மட்டும் குறைந்த மார்க் போட்டால், அவர் எப்போதுமே கறார் பேர்வழியா, அந்தக் கட்டுரைக்கு மட்டும் அப்படிப் போட்டாரா என்று எந்த மென்பொருளாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

வரும் ரிசல்ட்டிலும் உஷார். ஒருவர் போடும் மார்க்கின் நம்பகத்தன்மை 0.4 என்று வைத்துக்கொள்வோம். 2 பேரின் சராசரிக்கு அது 0.57, 4 பேர் என்றால் 0.73. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எண்ணை வெளியிட்டால், 2 பேர் மட்டுமே படித்த கட்டுரையின் கதை அதில் மறைந்துபோகும். ஆபீஸ் அப்ரைசலில் உங்களுக்கு 2 பேரும் பக்கத்து சீட்டுக்காரருக்கு 5 பேரும் ரேட்டிங் போட்டிருந்தாலும் இதே கணக்குதான்.