வீடு கைமாறும்போது யார் சிக்கல்?

திருச்சுழி வட்டாரத்தில் மானாவாரி பொய்க்கும்போது, குடும்பங்கள் அருப்புக்கோட்டையின் விசைத்தறிகளை நாடி வாடகை வீடுகளில் குடியேறுகின்றன. தலித் குடும்பத்திற்கு வீடு கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் பெரும்பாலும் வாய்மொழி ஒப்பந்தமே. அவ்வீடு விற்கப்பட்டதும், நேற்றுவரை ஒழுங்காக வாடகை கொடுத்தவர் 'சிக்கலான குடித்தனக்காரர்' ஆகிவிடுகிறார்.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 109இன்படி, வீட்டை வாங்குபவர் பழைய உரிமையாளரின் இடத்திற்கு வருகிறார். விற்பனையால் மட்டும் குடித்தன உரிமை முடிந்துவிடாது. ஆனால், 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், எழுத்துவழி ஒப்பந்தம் செய்துகொள்ளாததையே வெளியேற்றத்திற்கான காரணங்களுள் ஒன்றாக்கியுள்ளது. எழுதித்தர மறுப்பவர் உரிமையாளர். வீட்டை இழப்பவரோ குடியிருப்பவர். சாதியால் மறுக்கப்படும் காகிதம் இங்கே சட்டத்தின் ஆயுதமாகிறது.

எனினும், வாடகை நீதிமன்றத்தின் ஆணையின்றி வெளியேற்றவோ, குடிநீரையும் மின்சாரத்தையும் துண்டிக்கவோ உரிமையாளருக்கு அதிகாரமில்லை. பட்டியல் சாதியினரை அவர்தம் குடியிருப்பிலிருந்து பிற சாதியினர் முறைகேடாக அகற்றுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் குற்றம்.

ஒப்பந்தம் எழுத மறுத்த உரிமையாளர், அம்மறுப்பையே காரணங்காட்டி வழக்குத் தொடுக்க இயலாதவாறு சட்டம் திருத்தப்பட வேண்டும். அதுவரை, வாடகையை வங்கி வழியே செலுத்துங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் கேளுங்கள். மறுக்கப்பட்ட கோரிக்கையும் ஒரு சான்றே.