பூனையின் மீது ஒரு பழி

இலக்கிய இதழ் வாசகர்களுக்குப் பூனை என்றதும் படிமம்தான் நினைவுக்கு வரும். தொண்ணூறுகளின் சிறுபத்திரிகைக் கவிதைகளில் பூனை நடமாடாத இதழ் குறைவு. மதில்மேலும் ஜன்னலோரத்திலும் உட்கார்ந்தபடி, தனிமையாகவும் காமமாகவும் மரணமாகவும் மாறிமாறிப் பொருள் தந்தே களைத்துப்போன பிராணி அது. இக்கட்டுரையில் வரும் பூனை எதற்கும் குறியீடு அன்று. நான்கு கால்களும் ஒரு வாலும் கொண்ட சாதாரண வீட்டுப்பூனை. தனக்கென்று வைக்கப்பட்ட மணல்தட்டை ஒருநாள் புறக்கணித்துவிட்டு மெத்தையில் சிறுநீர் கழிக்கிறது. ஏன் என்பதே கேள்வி. வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். இக்கேள்விக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் விடை தவறானது. அத்தவற்றினால் பூனைகள் வீடிழக்கின்றன, சில வேளைகளில் உயிரும் இழக்கின்றன.

வழக்கமான விடை ஒரே சொல்லில் முடிந்துவிடும்: பழிவாங்குகிறது. எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் ஒருவர், குடும்பத்தோடு வெளியூர் போய்த் திரும்பிய மூன்றாம் நாள் தம் பூனை கட்டிலை நனைத்துவிட்டதைச் சொல்லி, "விட்டுட்டுப் போனோம்ல, அந்தக் கோபம்" என்றார். அறையே சிரித்தது. மறுமாதம், அதைக் கோணியில் போட்டுக் கட்டி மீன்சந்தைப் பக்கம் விட்டுவந்ததாக அவரே சொன்னார். அங்கே சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை என்பது அவருடைய சமாதானம். மீன்சந்தையில் ஏற்கெனவே எல்லை வகுத்துக்கொண்டு வாழும் பூனைகள் இருக்கும் என்பதும், சோபாவில் வளர்ந்த ஒன்று அவற்றின் நடுவில் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்பதும் அவர் கணக்கில் வரவில்லை. கொடியவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. அந்தப் பூனைக்கு அவர் எழுதிய உரை பிழையானது. தீர்ப்பு அந்த உரையிலிருந்து வந்தது.

நம் மொழி வழக்கும் இந்தப் பிழைக்குத் துணைபோகிறது. நாய்க்கு நன்றியை எழுதிக்கொடுத்த வழக்கு, பூனைக்குத் திருட்டையும் கள்ளத்தனத்தையும் எழுதிக்கொடுத்தது. பாலுக்கும் காவல் பூனைக்கும் தோழன் என்கிறோம். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்கிறோம். பழமொழிகளில் அது பெரும்பாலும் குற்றவாளிக் கூண்டில்தான் நிற்கிறது. தொல்காப்பியர் நிதானமானவர். மரபியலில் வெருகின் இளமைக்குக் குட்டி என்று பெயர் சொல்கிறார். வெருகைப் பூசை என்று அழைப்பதும் வழக்கில் வந்துவிட்டபடியால் அதை விலக்க வேண்டியதில்லை என்கிறார். அதற்குமேல் குணம் எதையும் கற்பிக்கவில்லை. குறுந்தொகையில் முல்லை அரும்புகளிடையே வெருகின் பற்களைக் கண்ட ஒக்கூர் மாசாத்தியாரும் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்.

அகப்பாடல் நடத்தும்போது மாணவர்களிடம் நான் அலுக்காமல் சொல்வது ஒன்றுண்டு. எடுத்த எடுப்பில் உரிப்பொருளுக்குத் தாவாதீர்கள். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்திருக்கிறார்கள், அவற்றை முதலில் பாருங்கள் என்பேன். பூனைக்கும் இந்த முறை பொருந்தும். கோபம், பழி என்பவை நாம் அவசரப்பட்டு ஏற்றும் உரிப்பொருள்கள். எந்த இடத்தில், எந்த வேளையில் அது தட்டைவிட்டு விலகியது என்று யாரும் விசாரிப்பதில்லை.

நிலத்திலிருந்து தொடங்குவோம். சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய புதைகுழியொன்றில் மனிதனுக்கு அருகே ஒரு பூனையும் அடக்கம் செய்யப்பட்டிருந்த செய்தி 2004-இல் வெளியாயிற்று. உலகின் வீட்டுப்பூனைகள் எல்லாம் மேற்காசியப் பகுதியின் காட்டுப்பூனை இனமொன்றின் வழிவந்தவை என்பதை 2007-இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டியது. வறண்ட நிலத்து உயிர். நம் கணக்கில் பாலைத் திணை. (பாலையின் உரிப்பொருள் பிரிவு என்பதை நினைத்துக்கொண்டால் மீன்சந்தைக் கதை இன்னும் கசக்கும்.) அந்த நிலம் அதன் உடம்பில் இன்னும் இருக்கிறது. குறைவாகவே நீர் குடிக்கும். சிறுநீர் செறிவாக இறங்கும், நாற்றமும் அதிகம். உலர்ந்த, பொலபொலப்பான மண்ணைத் தேடிப் பறித்து, கழித்து, மூடிவிடும். பெரும்பாலான குட்டிகளுக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை; தோண்டத் தோதான மணல் கண்ணில் பட்டால் போதும்.

நம் பழைய வீடுகளில் இது ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை. கொல்லைப்புறம் இருந்தது, அடுப்புச் சாம்பல் கொட்டும் குழி இருந்தது, தெருமுனையில் எவராவது வீடு கட்டக் கொட்டிவைத்த ஆற்றுமணல் இருந்தது. (அந்த மணலில் வீடு கட்டி விளையாடிய பிள்ளைகளுக்கு அதில் என்னென்ன கிடைக்கும் என்பது தெரியும்.) பூனையின் கழிப்பிடம் எது என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கவே இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காவது தளத்துக்குப் பூனையை ஏற்றியபோதுதான் அதன் நிலம் முழுவதையும் ஒரு பிளாஸ்டிக் தட்டுக்குள் அடக்க வேண்டிவந்தது.

அந்தத் தட்டின் வரலாறும் சுவையானது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் கசோபொலிஸ் என்னும் சிற்றூரில் 1947-இல் எட்வர்ட் லோ என்பவரிடம் அண்டைவீட்டுப் பெண்மணி பூனைக்காக மணல் கேட்டு வந்தார். குளிரில் வெளியே கிடந்த மணல் உறைந்துவிட்டிருந்தது. சாம்பலோ வீடெங்கும் கால்தடம் பதித்தது. எண்ணெய்க் கறையை உறிஞ்சுவதற்காக ஆலைகளுக்கு விற்றுவந்த களிமண்ணை லோ எடுத்துக் கொடுத்தார். நம் வீட்டுப் பெண்கள் முகத்துக்குப் பூசும் முல்தானி மட்டியின் வகையறாதான் அது. அதிலிருந்து பெருந்தொழில் ஒன்று பிறந்தது. நம் கடைகளில் இன்று அதை 'லிட்டர்' என்றும் தட்டை 'லிட்டர் பாக்ஸ்' என்றும் கேட்டு வாங்குகிறோம். பாலையும் பெட்ரோலையும் அளக்கும் லிட்டரோடு இதற்கு உறவில்லை என்றாலும் தமிழ்க் காதுக்கு வேறுபாடு தெரிவதில்லை. ஆகவே நான் மணல்தட்டு என்றே எழுதுகிறேன்.

ஒரு பாலைநிலத்தையே ஈடுசெய்ய வேண்டிய இந்தத் தட்டை நாம் எப்படி வைக்கிறோம்? ஒதுக்குப்புறம் என்று நினைத்து வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் வைக்கிறோம். அது ஒருநாள் அதிர்ந்து சுழல, பூனை பாதியில் எழுந்து ஓடுகிறது, பிறகு அந்தப் பக்கம் வருவதில்லை. நாற்றம் நமக்கு வராதிருக்க மூடிபோட்டதை வாங்குகிறோம். நாற்றம் முழுவதும் உள்ளே தங்கிப் பூனைக்குச் சேர்கிறது. லாவெண்டர் மணம் கலந்த மண்ணை வாங்குகிறோம். வாங்குபவரின் மூக்குக்காகச் செய்த சரக்கு அது. தட்டின் நீளம் பூனையின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்காவது வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு. கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது வளர்ந்த பூனை திரும்பி நிற்கவும் காணாது. பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாக, வெவ்வேறு இடங்களில் வைக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். இரண்டு பூனைகள் இருக்கும் வீட்டில் ஒன்று வழிமறித்து உட்கார்ந்துவிட்டால் மற்றது எங்கே போகும்? பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பிடத்தின் வாசல்வரை போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பியவர்கள் நம்மில் பலர் இருப்போம். நம்மை யாரும் பழிவாங்கியதாகச் சொல்வதில்லை.

இங்கே ஃபினாயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பூனை நனைத்த இடத்தை உடனே ஃபினாயில் போட்டுத் துடைப்பது நம் வீடுகளின் அனிச்சைச் செயல். கருப்பு ஃபினாயிலில் உள்ள ஃபீனால் வகை வேதிப்பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஈரத்தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும் பூனைக்கு அது நஞ்சு. மணல்தட்டையும் அதில் கழுவிவைத்தால் பூனை அண்டாமல் இருப்பதில் வியப்பில்லை. அதன் மூக்கு சரியாகவே வேலை செய்கிறது. தட்டுக்குச் சோப்பும் நீரும் போதும். மெத்தைக்கும் சோபாவுக்கும் சிறுநீரை நொதியால் சிதைக்கும் திரவங்கள் கடைகளில் கிடைக்கின்றன. பழைய வாசனை முழுவதும் போகாவிட்டால் அதே இடத்துக்குத்தான் பூனை திரும்பிவரும்.

பொழுது என்று நான் சொல்வது வீட்டில் நடந்த மாற்றங்களை. உறவினர் வந்து பத்து நாள் தங்கியது, குழந்தை பிறந்தது, தளபாடம் இடம் மாறியது, வீட்டார் வெளியூர் போனது. ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டனும் அவருடைய சகாக்களும் 32 பூனைகளை 77 வாரங்கள் கவனித்து 2011-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியமானது. பராமரிப்பவர் மாறுதல், அன்றாட ஒழுங்கு குலைதல் போன்ற வழக்கத்துக்கு மாறான நிகழ்வுகள் நேர்ந்த வாரங்களில், நோயற்ற பூனைகளும் வாந்தியெடுத்தன, உணவைக் குறைத்தன, தட்டுக்கு வெளியே கழித்தன. எங்கள் ஆசிரியர் அறை நண்பரின் பூனையை இதன் வெளிச்சத்தில் பார்த்தால், அவர் சொன்னதில் பாதி சரி: அவர்கள் விட்டுப்போனதுதான் காரணம். ஆனால் அதற்குப் பெயர் கோபமன்று. வயிற்றில் பயம் கிளம்பிய உயிர், தன்னுடையவர்களின் வாசனை அடர்ந்த கட்டிலைத் தேடிப்போயிருக்கலாம்.

நிலமும் பொழுதும் பார்த்தபின் உடம்பைப் பார்க்க வேண்டும். (மருத்துவர் இந்த வரிசையைத் தலைகீழாக்கி முதலில் உடம்பைத்தான் பார்ப்பார், அவர் செய்வதே சரி.) சிறுநீர்ப்பை அழற்சி கண்ட பூனைக்குத் தட்டில் உட்காரும்போதெல்லாம் எரிகிறது. எரிச்சலை அது தட்டோடு சேர்த்து நினைவில் வைக்கிறது. வலி தராத இடத்தைத் தேடிக் குளிர்ந்த தரைக்கோ மெத்தைக்கோ போகிறது. இத்தகைய அழற்சிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் கிருமியோ கல்லோ அகப்படுவதில்லை. மனக்கலக்கத்துக்கு அதில் பங்குண்டு என்பதை நிறுவியதில் மேற்சொன்ன பஃபிங்டனுக்குப் பெரும் இடமுண்டு. சிறுநீரகம் தளர்ந்தாலோ சர்க்கரை நோய் கண்டாலோ பூனை நிறைய நீர் குடித்து நிறையக் கழிக்கும். தட்டு அரை நாளில் நனைந்துபோகும். பன்னிரண்டு வயது கடந்த 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பரிசோதித்த 2002-ஆம் ஆண்டு ஆய்வில், 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. உயரமான விளிம்பைத் தாண்டிக் கால் வைப்பது அந்தக் கிழங்களுக்கு எவ்வளவு பாடாக இருக்கும்! தட்டின் ஒரு பக்கத்தைத் தாழ வெட்டிவிட்டாலே பழைய பழக்கம் திரும்பிவிடுவதுண்டு. கம்பர் அவையடக்கத்தில் தம்மைப் பாற்கடலை நக்கப் புகுந்த பூனையாகச் சொல்லிக்கொண்டார். உண்மையில் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. பால் கிண்ணத்தை வயிற்றுப்போக்கோடு சேர்த்துப் பார்க்காமல், தரை அசுத்தமானதற்குப் பூனையைத் திட்டும் வீடுகளும் உண்டு.

இவற்றோடு சேர்த்துக் குழப்பக்கூடாத ஒன்று, நின்றபடி வாலை நடுக்கிச் சுவரிலோ திரைச்சீலையிலோ பீய்ச்சுவது. அது எல்லைக் குறி. கருத்தடை அறுவை செய்யப்படாத ஆண்பூனைகளிடம் மிகுதி. அறுவைக்குப் பின் பெரும்பாலும் நின்றுவிடும்.

மனிதர்களுக்கே கழிப்பிடம் இல்லாத நாட்டில் பூனையின் கழிப்பிடத்துக்கு ஒரு கட்டுரையா என்று கேட்கப்படும். அந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மற்ற நாள்களில் மனிதர்களின் கழிப்பிடத்துக்காக எழுதிக்கொண்டிருந்தால் மகிழ்ச்சி. எனக்கு இதைவிட வலுவாகத் தோன்றும் மறுப்பு வேறொன்று. பூனையைக் கொஞ்சுபவர் ஒருவராகவும் மெத்தையை அலசுபவர் வேறொருவராகவும் இருப்பதுதான் நம் வீடுகளின் வழக்கம். அலசுபவர் அநேகமாகப் பெண். பூனை போகட்டும் என்று அவர் சொல்லும்போது அதில் நியாயமில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. நண்பரின் வீட்டிலும் கோணியை எடுத்தது அவர்தான் என்றாலும், அதற்கு முந்தைய முப்பது நாளும் துடைத்தவர் அவர் இல்லை. தினம் இரண்டு வேளை தட்டை அள்ளும் வேலையைப் பூனை வேண்டும் என்றவர் ஏற்றுக்கொண்டால் சிக்கலின் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துபோகும்.

அடிப்பதாலும், நனைத்த இடத்தில் மூக்கைத் தேய்ப்பதாலும் பூனை ஒன்றைத்தான் கற்றுக்கொள்ளும்: இந்த மனிதர் கண்ணில் படாமல் கழிக்க வேண்டும். பிறகு அது கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் நடக்கும். நோயும் அங்கேயே மறைந்து வளரும். ஆண்பூனை என்றால் இதில் உயிராபத்து உண்டு. அதன் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது. படிகமோ சளிக்கட்டியோ அடைத்துக்கொண்டால் துளித்துளியாக வரும், அல்லது வராது. கால் மணிக்கு ஒருதரம் எங்கேயாவது குந்தும், கத்தும், அடிவயிற்றை நக்கிக்கொண்டே இருக்கும். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் புகட்டுவோர் உண்டு. சேட்டை என்று நினைத்து வெளியே துரத்துவோரும் உண்டு. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுபோக இரண்டு மூன்று நாள் போதும். இந்த அறிகுறி கண்ட பூனையை விடியட்டும் என்று வைத்திருக்கக் கூடாது. சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ, மற்ற ஊர்க்காரர்கள் எட்டும் தூரத்தில் உள்ள கால்நடை மருத்துவரிடமோ அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். போகும்போது, கடைசியாக அது எப்போது, எங்கே, எவ்வளவு கழித்தது என்பதை மறக்காமல் சொல்ல வேண்டும். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.