ஊமைப்படமும் உயிருள்ள இசையும்

பேசும்படம் தோன்றுமுன் எடுக்கப்பெற்ற படங்களை ஊமைப்படங்கள் என்று வழங்குகின்றோம். அப்பெயர் பாதி உண்மையே என்பதை அன்பர்கள் நோக்குவார்களாக. படம் பேசவில்லை, ஆயினும் அதனைக் காட்டிய அரங்கு பெரும்பாலும் வாய்மூடி இருந்ததில்லை. மேனாடுகளில் சிறு கொட்டகைக்கு ஒரு பியானோ, பேரரங்கிற்குப் பல்லியக் குழு, அல்லது அக்குழு முழுமைக்கும் ஈடாக ஓர் ஆர்கன் என்று அமைத்திருந்தனர்.

அமெரிக்காவில் கொலம்பஸ் நகரத்து ஒஹையோ தியேட்டர் இத்தகையது. 1928-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆம் நாள் திறக்கப்பெற்ற அவ்வரங்கின் ராபர்ட் மார்ட்டன் ஆர்கன் நான்கு விசை வரிசைகளும் இருபது குழல் வரிசைகளும் உடையது. ஞானப்பாட்டுக்குத் துணைநிற்கும் ஆர்கனையே கேட்டுப் பழகிய நமக்கு இஃது ஒரு விந்தையான உறவினன். குழலொலியோடு முரசும் மணியும் பிறவும் ஒருவன் கைகால்களுக்கு ஏவல் செய்கின்றன. ஆலயத்துக் கருவி கூத்தரங்கு புகுந்ததே என்று வருந்துவாரும் உளர்; யாம் வருந்தவில்லை.

"இசையைப் பதிவுசெய்து படத்தோடு சேர்த்துவிட்டால் போதாதோ?" என்பார்க்கு ஒரு காட்சியையே விடையாகத் தருவோம். 1925-இல் வெளிவந்த 'தி பாண்டம் ஆப் தி ஓபரா' என்னும் படத்தில், லான் சேனி முகமூடி அணிந்து ஆர்கன் முன் அமர்ந்து வாசிக்கின்றார். நங்கை ஒருத்தி பின்னே மெல்ல வருகின்றாள். கை நீள்கின்றது, தயங்கி மீள்கின்றது, மறுபடியும் நீள்கின்றது. முகமூடி பறிபோகின்றது! திரையில் ஓடும் விரல்களுக்குரிய ஒலியை அதுகாறும் எழுப்பிவந்த அரங்கத்துக் கலைஞன் அந்நொடியில் என் செய்வான்? ஓங்கி முழக்கலாம், சட்டென்று நிறுத்தவும் செய்யலாம். நிறுத்துவதே சிறப்பென்பது எம் கருத்து. எத்துணைப் பொழுது நிறுத்துவது என்பதை அன்று கூடிய அவையே அவனுக்கு உணர்த்தும். வள்ளுவர் அவையறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அது சொல்வல்லார்க்கு மட்டும் உரியதன்று. பதிவிசையோ எந்த அவையிலும் அதே நொடியில் நின்று அதே நொடியில் தொடரும்.

இவ்வுரிமையைக் கலைஞன் மிகையாக்கவும் கூடாது. 1926-இல் வந்த 'தி ஜெனரல்' படத்தில் பஸ்டர் கீட்டன் எத்துணை இடரிலும் முகம் மலர்வதில்லை. நகைச்சுவையின் வேரே அதுதான். அவர் இடறுந்தோறும் மணியடித்து முரசறைபவன் அவ்வேரைக் கெல்லுகின்றான்.

1969-இல் ஒஹையோ தியேட்டரை இடிக்க ஏற்பாடாயிற்று. நகரமக்கள் சங்கம் அமைத்துப் பொருள் திரட்டி அதனைக் காத்தனர், ஆர்கனும் பிழைத்தது. படங்களுக்கு அந்நற்பேறு வாய்க்கவில்லை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, அந்நாட்டின் நெடும் ஊமைப்படங்கள் ஏறத்தாழ 11,000-இல் 14 விழுக்காடே முதலில் வெளிவந்த வடிவில் எஞ்சியுள்ளன. நம் சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' அறவே அழிந்தது. எஞ்சியவற்றையேனும் உரிய இசையின்றிக் கைப்பேசியிற் சிறிது பார்த்துவிட்டு, "வாயசைக்கும் பொம்மைகள்" என்று எள்ளுதல் முறையாகுமா?

நம் கல்லூரியில் ஊமைப்படம் ஒன்றைக் காட்ட முன்வருவோர், ஆர்மோனியமேனும் வாசிக்க வல்ல நண்பர் ஒருவரைத் திரையருகே அமர்த்துவார்களாக. அவர் படத்தை முன்னரே ஒருமுறை பார்த்திருத்தல் வேண்டும்.